இன்ஜின் பக்கம்

மேல் லயம்,
6.10.2024, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

பார்பரா எழுதுவது. தினமும் ஒரே மிஷினின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தேயிலை வெட்டுகிறோம். எதிரே நிற்கிற அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிற தங்கை இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? சம்பளத்தன்று உங்கள் வாசலில் கூலியைப் பற்றி நான் வாயைத் திறந்ததிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. மலையில் இன்ஜின் சத்தம், லயத்தில் அண்ணி. போனில் எழுதினால் அண்ணிதான் முதலில் படிப்பார்கள். அதனால் இதை உங்கள் மழைக்கோட்டுப் பையில் வைக்கிறேன். காலையில் மிஷின் கொட்டகையில் கோட்டை எடுக்கும்போது பாருங்கள். பதில் எழுதினால் என் கோட்டில் வையுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். டிசம்பருக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டிஃபனி அப்பா மிஷின்காரர், அதனால் அவர் பெயரில் வீடு கொடுத்தார்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. "மிஷின்காரங்களுக்குத்தான்மா லயத்து வீடு. நீ உதவியாள்லா, நான் என்ன செய்ய?" என்கிறார் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. பிள்ளை டிஃபனி பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?

ஜூன் மாதம் நீங்கள் சரிவில் விழுந்து தோளைக் கெடுத்துக்கொண்டீர்களே, அன்றிலிருந்து இன்ஜின் பக்கம் பிடிப்பது யார்? நான்தானே? முன்பு லேசான பக்கம் பிடித்தபோது குறைந்த கூலிக்கு ஒரு நாள் முணுமுணுத்திருப்பேனா? இன்ஜின் பக்கம் கனம், அதற்கு மிஷின்காரர் கூலி, சரிதான் என்று இருந்தேன். இப்போது கனம் என்னிடம் வந்துவிட்டது, கூலி உங்களிடமே நிற்கிறது.

என்னோடு துரையிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே. "ஆமா தொர, எந்தங்கச்சியும் மிஷின்காரிதான்." அது போதும். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

இதோடு தைலம் வைத்திருக்கிறேன். அண்ணிக்குக் கை ஒழியாவிட்டால் எட்ரியனையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பார்பரா


9.10.2024

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் ஞானசுந்தரம் எழுதுவது.

தைலம் கிடைத்தது. உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தேன்.

ஒரு வார்த்தை என்கிறாய். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் துரை என்ன கேட்பார்? "ஏன் ரெண்டு பேரும் பக்கம் மாத்துனீங்க?" என்றுதான் கேட்பார். அப்போது நான் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்ட வேண்டும். கையைத் தூக்க முடியாதவனுக்கு இங்கே என்ன வேலை? சின்னக்கருப்பனுக்கு முதுகு போனபோது என்ன ஆயிற்று என்று நீயும்தானே பார்த்தாய். ஆள் இப்போது மலைக்குக் கீழே தாப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறான், குடும்பம் மாமனார் வீட்டில். கிளினிக்குக்குப் போனால் தோட்டத்துக்குத் தெரிந்துவிடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எதற்கு? எட்ரியன் படிப்பு முடிய வேண்டும். எனக்கும் இந்த லயத்து வீடுதான் பார்பரா, வேறே கூரை கிடையாது.

டிசம்பரில் நீயும் பிள்ளையும் எங்களோடு வந்துவிடுங்கள். அண்ணியிடம் நான் பேசுகிறேன். உன்னோடு பேசாமல் இருப்பது கோபத்தினால் இல்லை. வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன். ஆண்பிள்ளை மலையில் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்?

அன்புடன்,
அண்ணன்


13.10.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியிடம் நீங்கள் பேசுவதா? நல்ல கதை. குழாயடியில் என் காது கேட்கவே, "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு அறை வீட்டில் நீங்கள் நான்கு பேர். வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நான் எந்த மூலையில் படுப்பேன்?

நேற்று வாடகைக்கு அறை பார்க்கக் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன். காய்கறி கட்டுகிற கொட்டகைக்கு மேலே ஒரு அறை, நெளிந்த தகரத்தில் சுவர். பெரிய மழை என்றால் மேலே இருக்கிற அணையைத் திறப்பார்களோ என்று அங்கே எல்லாரும் வாசலில் வந்து நின்றுகொள்கிறார்கள். டிஃபனியும் கூட வந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "பரவாயில்லம்மா, நான் படிச்சிக்குவேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் விதியைப் பாருங்கள். கங்காணி திருமாறன் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டதும் நாம் பக்கம் மாறிக்கொள்வோமே. எப்படி ஓடுவோம், எப்படிச் சிரிப்போம்! மிஷினுக்குப் பின்னால் இலைப் பை இழுக்கிற புவனேஸ், "வருது வருது, மாறுங்க" என்று கத்துவாள். இப்போது கங்காணியைக் கேட்டால், "நான் பாத்தப்பல்லாம் சுந்தரந்தான் இன்ஜின் பக்கம் நின்னான்" என்கிறார். அவர் கண்ட உண்மை அது. புவனேஸ் காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். "என்னைய இழுக்காதக்கா, எனக்கும் வீடு வேணும்" என்று அழுகிறாள்.

புதன்கிழமை துரையிடம் மனு கொடுக்கப் போகிறேன். பயப்படாதீர்கள், உங்கள் தோளைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இருக்காது. நானும் மிஷின்தான் பிடிக்கிறேன், அதே நேரம், அதே சரிவு, அதே மழை, அதே கூலி கொடுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். துரை உங்களைக் கூப்பிட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டாம். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பார்பரா


17.10.2024

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். "அது லேசான பக்கந்தான் பிடிக்குது தொர." உன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் நாக்கு எனக்கே அந்நியமாக இருந்தது.

அதோடு முடியும் என்று நினைத்தேன். "சனிக்கிழமை ரெண்டு பேரும் என் முன்னால ஒரு நிரை ஓட்டிக் காட்டுங்க, நானே பாக்குறேன்" என்று துரை சொல்வார் என்று யார் கண்டது? நீயும் கேட்டாய்தானே. ஒரு முழு நிரை பார்பரா. மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் இன்ஜின் பக்கம் பிடிக்க வேண்டும். இன்று காலை வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தேன், கை பாதியிலேயே விட்டுவிட்டது. அண்ணி பார்த்துவிட்டாள். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உனக்குத் துரோகம் செய்துவிட்டு உன்னிடமே கேட்கிறேன் என்று தெரிகிறது. வேறே யாரிடம் போய்க் கேட்பேன்?

சுந்தரம்


18.10.2024

அண்ணனுக்கு,

வாங்க மாட்டேன்.

ஆபீசிலேயே "என்னையும் இன்ஜின் பக்கம் விட்டுப் பாருங்க தொர" என்று கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு அது? அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். இத்தனை மாதமாக யாரும் பதில் சொல்லாமல்தான் பிடித்தேன். அதைச் சொல்ல முடியாமல் வாயைக் கட்டி வைத்திருப்பது உங்கள் தோள்.

நாளைக்கு நீங்கள் இன்ஜின் பக்கம் பிடியுங்கள். நான் எதுவும் பேச மாட்டேன், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன். லேசான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நடப்பேன். அதற்குத்தானே எனக்குக் கூலி கொடுக்கிறார்கள்? உங்கள் கை விட்டால், இத்தனை நாள் யார் பிடித்தது என்று துரைக்குத் தானாகவே தெரியும்.

இதை எழுதிவிட்டு ஜெபிக்க முழங்கால் போட்டேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நீங்கள் விழ வேண்டும் என்று கேட்பதா, விழக்கூடாது என்று கேட்பதா?

பார்பரா


லெம்பா பெர்த்தாம்,
30.11.2024

அண்ணனுக்கு,

சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் காய்கறி லோரியில் ஏறி வந்துவிட்டோம். நீங்கள் வாசலில் நின்றதைப் பார்த்தேன். டிஃபனி கையைக் காட்டினாள். நான் பாத்திர மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் காட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நமக்குள் கடிதமும் இல்லை. நானாவது எழுதிவிடுகிறேன்.

தூறல். துரை குடையோடு மேட்டில் நின்றார், கங்காணி பக்கத்தில். பாதி நிரை வரைக்கும் நன்றாகத்தான் வந்தீர்கள். அப்புறம் மிஷின் சட்டம் நடுங்க ஆரம்பித்தது. உங்கள் உதடு வெளுத்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சும்மா இருந்தால் போதும், இன்னும் நாலு எட்டில் மிஷின் செடி மேல் விழும், எனக்கு வீடு. அதற்காக எத்தனை இரவு அழுதிருப்பேன்! சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை அண்ணே. இடது கையை மழைக்கோட்டுக்குள்ளேயே நடுச் சட்டம் வரைக்கும் நீட்டி, கனத்தை என் பக்கம் வாங்கிக்கொண்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடித் தொலைத்தது. பள்ளம் வரைக்கும் இரண்டு பக்கத்தையும் நான்தான் கொண்டுபோனேன். புவனேஸ் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் அழுதுகொண்டே வந்தாள்.

மிஷினை இறக்கி வைத்ததும் துரை இறங்கி வந்து உங்கள் முதுகில் தட்டினார். "பாத்தியா கங்காணி, ஆம்பள பிடிச்சா எப்படி ஓடுது. அது சும்மா கூட நடந்து வருது." நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா தொர" என்றீர்கள்.

ஆபீசில் நீங்கள் சொன்னதைப் பயத்தில் சொன்னீர்கள் என்று விட்டுவிட்டேன். இதைச் சொல்ல உங்களை யாரும் கேட்கவில்லையே. பேசாமல் நின்றிருக்கலாம்.

தாங்கியதற்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வருத்தம் நிறைய இருக்கிறது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு படிக்கும்போதெல்லாம், விழ விட்டிருக்கலாமே என்று நினைக்கிறேன்.

உங்களோடு புது ஆளைப் போட்டிருக்கிறார்களாம், எட்ரியன் டிஃபனியிடம் சொன்னான். அவர் உங்களுக்காகப் பக்கம் மாற மாட்டார். போய் டாக்டரிடம் காட்டுங்கள், ஒளித்தது போதும். கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லி அண்ணி ஆள் விட்டார்கள். வர மாட்டோம். அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே காய்கறித் தோட்டத்தில் கோபிஸ் வெட்டுகிறேன். இங்கேயும் ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி. முதல் நாளே முதலாளி தவுக்கேயிடம் ஏன் என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை மறுபடியும் கேட்பேன். நான் கேட்பதால் விழுவதற்கு இங்கே என் மனுஷர் யாரும் இல்லை.

பதில் எழுத வேண்டாம். என் மழைக்கோட்டும் இனி அந்தக் கொட்டகையில் இல்லை.

பார்பரா