ஒரு குடம் நல்ல தண்ணீர்

19.1.2005, புதன்

தேவனாம்பட்டினத்திலிருந்து செல்வி இன்று மதியம் மறுபடி வந்தாள். சுனாமியில் இறந்த அவள் கணவரின் ஜி.பி.எஸ். கருவி பத்து நாளாக என் மேசையில் கிடக்கிறது. கடலில் எங்கெங்கே மீன் படும் என்று அவர் ஆறு வருடமாகக் கண்டுபிடித்த இடங்களை அதில்தான் பதிந்து வைத்திருந்தார். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இனி அவள் கொழுந்தன் அவற்றை நம்பித்தான் படகு இறக்க வேண்டும்.

பேட்டரியோடு கிடந்ததால் கடலுப்பு உள்ளிருந்த சர்க்யூட் போர்டை அரித்துவிட்டது. ஸ்பிரிட் விட்டுத் துலக்கி, அறுந்த இடங்களில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். நேற்று திரையில் வெளிச்சம் வந்தது. பட்டியலில் ஓர் இடம்கூட இல்லை.

அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"கெடைச்ச அன்னைக்கே நல்ல தண்ணில அலசியிருந்தா பொழச்சிருக்கும், செல்வி."

அவள் கோபப்படவில்லை.

"நல்ல தண்ணிக்கு எங்கக்கா போறது? அன்னைக்கு லாரில வந்து வூட்டுக்கு ஒரு கொடம்தான் ஊத்துனாங்க. அத அவரு மேல ஊத்தித்தான் எடுத்தோம்."

நான் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு எடமாவது தேறுமாக்கா?"

"பார்க்கலாம்" என்றேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் மீதியில்லை.

உப்புநீர் பட்ட போர்டை உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பாலிடெக்னிக்கில் வருடாவருடம் நான் மாணவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம்தான், அதில் தவறில்லை. அதை அவளிடம் ஏன் சொன்னேன்? கருவி பிழைக்காதது என் குற்றமில்லை என்று காட்டவா?

வெள்ளிக்கிழமை கொழுந்தனையும் அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.