சபை கூடாத வருடங்கள்

11 நவம்பர், செவ்வாய்

விடிய முதல் மழை. கிணறு முக்கால். தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் கட்சிச் செயலாளரின் போன். மாகாண சபைத் தேர்தல் வரும்போலக் கிடக்கிறதாம். "உங்கடை பேரைக் குடுக்கட்டோ அக்கா? சனிக்குள்ளை சொல்லுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது. துருவி முடிந்த பாதியைத் திரும்பவும் துருவினேன். அந்தச் சபையில் ஐந்து வருடம் மெம்பர், ஒரே ஒரு தவணை. சபை கலைந்த பிறகு தேர்தலே இல்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "இருபத்தாறாம் திகதி கனடாவுக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கு. சுபாவுக்கு மார்கழியிலை பிள்ளை. மறந்திட்டீரோ?"

மகளை மறப்பேனா.

12 புதன்

மழை விடவில்லை. பின் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். அங்கே இருக்கிற கனகம் வந்தாள், செருப்பு கையில்.

"மெம்பர் அக்கா, பிள்ளையளைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் விடுறன். வெள்ளத்தை வெட்டிவிடச் சொல்லி ஒரு கடிதம் தாங்கோ."

நான் இப்போது மெம்பர் இல்லை என்றேன்.

"எங்களுக்கு நீங்கள்தானே மெம்பர்."

கடிதத்தை நானே பிரதேச சபைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மேசையில் புதிதாக வேலைக்கு வந்த பெண்பிள்ளை ஒன்று. "அம்மா, நீங்கள் ஆர்?" பெயரைச் சொன்னேன். "ஓம், என்ன அலுவல்?" நல்ல பிள்ளை. இருக்கக் கதிரை தந்தாள், கடிதத்தைப் பதிந்தாள். ஆனாலும் வீடு வரும்வரை காதுக்குள் அந்த "ஆர்".

13 வியாழன்

வெயில். கண்ணாடி மாற்றச் சாவகச்சேரிக்கு பஸ்ஸில் பயணம். அங்கே இறங்காமல் கைதடி வரை போய்விட்டேன். மாகாண சபைக் கட்டடம் அங்கேதான். காவலாளி பழைய ஆள், கண்டவுடன் சிரித்தார். "அஞ்சு நிமிசம்தான் அம்மா."

மண்டபத்தில் பூட்டிக் கிடந்த வாசம். மூன்றாம் வரிசை, ஓரக் கதிரை. இருந்து பார்த்தேன். முதல் நாள் பேச எழுந்தது இங்கேதான். டியூசன் முடிந்து வருகிற பெண் பிள்ளைகளுக்குப் பின்னேர பஸ் கேட்டேன். நாலு தரம் கேட்டேன். கடைசியில் பஸ் விட்டார்கள். முதல் ஓட்டத்தில் நானும் ஏறினேன், பிள்ளைகள் வழி முழுக்கப் பாட்டு.

அந்தப் பின்னேரம்தான் சுபாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தது இவர்.

மைக்கின் பொத்தானை அமத்தினேன். உயிரில்லை. வாசலில் நின்ற காவலாளி, "சும்மா கதையுங்கோ அம்மா, எனக்குக் கேக்கும்" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது.

கண்ணாடி மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு செயலாளருக்கு ஓம் சொன்னேன். பிறகு இவருக்குச் சொன்னேன். அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கினார். தன்னுடையதை மட்டும்.

15 சனி

சுபாவுக்குக் கொடுத்துவிட, பிள்ளை பெற்ற உடம்புக்கான சரக்குத்தூள் இடித்தது. மிளகு, மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு. கையெல்லாம் எரிவு.

பத்து மணிபோலச் செயலாளர். "இப்போதைக்கு இல்லையாம் அக்கா. திரும்பவும் தள்ளிப் போட்டினம்."

போனை வைத்த பிறகும் அடுப்படியிலேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. இவர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உம்மடை சூட்கேஸையும் இறக்கட்டோ?"

சந்தோஷப்பட்டாரா? குரலில் தெரியவில்லை.

16 ஞாயிறு

காலை வீடியோ போனில் சுபா. அங்கே இன்னும் சனிக்கிழமை. முகம் ஊதியிருக்கிறது, கால் வீக்கமாம்.

"நானும் வாறன் பிள்ளை."

துள்ளுவாள் என்று நினைத்தேன். துள்ளவில்லை. அப்பா எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"தேர்தல் வந்திருந்தால் வந்திருப்பீங்களோ அம்மா?"

சபையில் எந்தக் கேள்விக்கும் சுற்றி வளைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். இவளிடம் அது முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை."

திரையில் இருந்து முகம் போய்விட்டது. வெள்ளைச் சுவர் மட்டும். கூப்பிடப் பயம். இவர் பக்கத்தில் நின்று என் தோளில் கை வைத்தார்.

பிறகு குரல் மட்டும்: "இங்கை சரியான குளிர். தடிச்ச சுவெற்றர் ரெண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ."