அப்பாவின் நடைக்கு நீ போட்ட இசை

உன் ஹெட்போனை உன் மனைவி நேற்று என்னிடம் கொடுத்தார். "அவரைத் தவிர இதப் போட்டது நீங்க ஒருத்தர்தான். நீங்களே வச்சுக்குங்க அண்ணே" என்றார். தெம்பனிஸில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதைக் காதில் மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. உரிந்துபோன உறையின் கருப்புத் துணுக்குகள் கன்னத்தில் ஒட்டின. லேசான கிராம்பு வாசனை வந்தது. மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த உன் அறையில், பொருள்கள் எல்லாவற்றிலும் ஏறியிருந்த வாசனை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அந்தக் குறுகிய படிக்கட்டில் மறுபடியும் ஏறுவதற்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளியில் ஒன்றாகப் படித்தோம். நீ கல்யாண மேடைகளுக்குக் கீபோர்டு வாசிக்கவும் நாடகங்களுக்குப் பின்னணி இசை அமைக்கவும் போனாய். நான் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். சினிமா ஆசை மட்டும் எனக்கு விடவில்லை. அம்மா போன மறுவருடம் அப்பாவை வைத்து ஒரு குறும்படம் எடுத்தேன். புக்கிட் மேராவில் தனியாக இருந்த அப்பா, சந்தையிலிருந்து பையோடு நடந்து வருவார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைக் கடப்பார். தாழ்வாரத்தில் நடந்து தன் வீட்டுக் கதவைத் திறப்பார். வசனம் கிடையாது. வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

நீ ஒரு முறை சத்தமில்லாமல் பார்த்தாய். பிறகு, "டேய், இங்க பாரு" என்று உன் ஹெட்போனை என் காதில் மாட்டி, துள்ளலான ஒரு மெட்டை ஓடவிட்டாய். அப்பா பேரப்பிள்ளைகள் வரும் நாளில் மீன் வாங்கிக்கொண்டு வரும் மனிதர் ஆனார். அதை நிறுத்திவிட்டு, கீபோர்டில் செல்லோவின், அந்தப் பெரிய வயலினின், ஒலியைக் கீழ்ச்சுரத்தில் இழுத்தாய். அதே பை, அதே நடை. ஆனால் இப்போது அவர் போவது யாரும் இல்லாத வீட்டுக்கு. மூன்றாவதாக, கடிகாரம் போல ஒற்றை ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவர் சாவியை எடுத்தபோது, கதவுக்குப் பின்னால் எவனோ காத்திருக்கிறான் என்று நான் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தேன்.

"எங்கப்பாடா அது!" என்றேன்.

"அங்கிள் மாறல லா. உன் கண்ணத்தான் நான் மாத்துனேன்" என்று சிரித்தாய்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ படங்களைக் கண்ணால் பார்த்ததாகவே நினைத்திருந்தேன். அன்றுதான் என் காது எனக்குத் தெரியாமல் எவ்வளவு பார்த்திருக்கிறது என்று புரிந்தது.

செல்லோ இசையையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். தாளம் அப்பாவின் காலடியோடு சேர்ந்து விழ வேண்டும் என்பது உன் பிடிவாதம். சில நாள் கழித்து, நான் அலுவலகத்தில் இருந்தபோது அழைத்தாய்.

"அங்கிள் நல்லா இருக்காரா?"

"ஏன்டா?"

"மொதல்ல எடுத்த ஷாட்ல பீட் கரெக்டா உக்காருது. கடைசியா எடுத்ததுல உக்கார மாட்டேங்குது. வலது கால் லேட்டா வருது. என் டைமிங்தான் தப்புன்னு ரெண்டு நாளா போராடுறேன். தப்பு என்கிட்ட இல்ல லா. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அப்பாவுக்கு எரிச்சல். "வயசாச்சு, கால் மெதுவாத்தான் வரும். இதுக்குப் போய் லீவு போட்டியா?" என்றார். சமையலறை அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டதை மருத்துவர் கேட்ட பிறகுதான் நினைவுகூர்ந்தார். அது நடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஸ்கேனில் தெரிந்தது: மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருந்தது. சிறு துளை போட்டு அதை வெளியேற்ற வேண்டும் என்றார்கள்.

அறுவை சிகிச்சை முடியும்வரை நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். எப்போதும் முழங்காலில் தாளம் போடும் உன் விரல்கள் அன்று அசையவே இல்லை. வெளியே வந்த மருத்துவர், ஒரு தமிழ்ப் பெண், "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. யார் கவனிச்சது?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். "பீட் உக்காரல டாக்டர்" என்றாய். அவர் உன் பக்கம் திரும்பி, "நாளைக்கு வார்டு ரவுண்ட்ஸுக்கு என்கூட வர்றீங்களா?" என்றார். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அழுகையில் முடிந்தது.

படத்தைத் திரையிட்ட சிறிய அரங்கில், ஒட்ட வெட்டிய தலைமுடியோடு அப்பா நம் இருவருக்கும் நடுவில் இருந்தார். திரையில் அவர் கதவைத் திறந்தபோது இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்பா என் பக்கம் சாய்ந்து, "எதுக்குடா அழுவுறாங்க?" என்றார். படம் முடிந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மியூசிக் ரொம்ப நல்லா இருக்குப்பா. ஆனா நான் சோகமா நடக்கலியே. பையில இருந்த மீன வறுக்கிறதா, கொழம்பு வைக்கிறதான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் திரும்பி வரும் வழியில் மெல்லச் சொன்னாய்: "அவர் மனசப் பத்தி என் மியூசிக் சொன்னது பொய். அவர் காலப் பத்தி அதுவே உண்மையக் காட்டிக் குடுத்துச்சு. எவ்வளவு பெரிய விஷயத்தக் கையில வச்சிருக்கேன்... பயமா இருக்குடா."

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இப்போதும் திரையரங்கில் கதாநாயகி அழுவதற்கு முன்பே என் கண் கலங்கிவிடும். அது எந்த வயலினின் வேலை என்று தெரிந்தே அழுகிறேன். தெரிந்துகொண்டதால் வியப்பு துளியும் குறையவில்லை.

போன ஆண்டு உன் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. செய்தி கேட்டதும் அப்பா தானே பேருந்து பிடித்து உன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றிருந்த உன் மனைவியிடம், "நான் நடந்து வர்றதே அவனாலதாம்மா" என்றார்.

எனக்கு நீ விட்டுப்போனது ஒரு பழக்கம். யாரோடு நடந்தாலும் அவர்களுடைய காலடியைக் கேட்கிறேன். போன வாரம் என் மகள் பள்ளி முடிந்து வந்தாள். தாழ்வாரத்தில் எப்போதும் ஓட்டமும் நடையுமாக வருபவள். அன்று ஒவ்வோர் அடிக்கும் நடுவே இடைவெளி நீண்டிருந்தது. அவள் மணியை அழுத்துவதற்கு முன்பே கதவைத் திறந்து, "என்னம்மா ஆச்சு?" என்றேன். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நொடி என்னையே பார்த்தவள், பையைக் கீழே போட்டுவிட்டு என் மேல் சாய்ந்து அழுதாள். நெருங்கிய தோழியோடு சண்டையாம்.

அழுது ஓய்ந்த பிறகு, "எப்படிப்பா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

உன் பெயரைச் சொன்னேன்.