தேங்காய் எண்ணெய் போட்ட ரீல்

சில்க்போர்க்,
தை மாதம், சனிக்கிழமை.

அன்பு மகள் ஷர்மினிக்கு,

நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். அந்த வின்னிபெக் குளிரில் நீயும் உன் மாப்பிள்ளை கைலும் மூக்கும் காதும் அதனதன் இடத்தில் இருக்கச் சுகமாக வாழ வேண்டும் என்று மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று யோசிப்பாய், நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார், பிறகு அவரைப் பற்றி நான் எதைச் சொல்வது. இங்கே தெருவில் இருந்த தபால் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் கனடாவுக்கு வரும் கிளோறியா அன்ரியின் கைப்பைக்குள் இதைச் செருகி விடுகிறேன். வாசித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இரு, உனக்கு அது நன்றாக வரும், கைல் விஷயத்தில் எங்களிடம் அப்படித்தானே இருந்தாய்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் உறைந்த ஏரியில் கூடாரம் போட்டு இரண்டு பேருமாக மீன் பிடிப்போம், அங்கே குந்தியிருந்து ஆறுதலாகக் கதைப்போம் என்று கைலின் தகப்பன் வேர்னன் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார் அல்லவா, அதற்கு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை, கல்யாணத்துக்கே வரமாட்டாரோ என்று நீ போனில் அழுதாய். எங்களைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்த்துவிட்டாய் என்று அவருக்குக் கோபம் இருந்தது உண்மைதான் மகள், ஆனால் அது எப்போதோ ஆறிவிட்டது, இப்போது இருப்பது பயம். என்ட அப்பா மட்டக்களப்பு வாவிக்கரை ஆள், மீன்பிடியில் பெரிய கெட்டிக்காரன் என்று நீ அந்த வீட்டில் அளந்துவிட்டிருக்கிறாய். பிள்ளை, உன் அப்பா வாவிக்கரையில் பிறந்தவர்தான், ஆனால் மீனைச் சந்தையில் விலை கேட்டதோடு சரி, ஒரு நாளும் தூண்டிலைத் தொட்டவர் அல்ல. வெள்ளைக்காரனுக்கு முன்னால் மானம் போகப் போகிறதே என்று மனிதனுக்கு நித்திரை இல்லை.

எனக்கும் தெரியாமல் தூண்டில் போடப் பழகத் தொடங்கினார். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் ஞானரட்ணம் அண்ணை கோடையில் ஆற்றில் மீன் பிடிக்கிற, தூண்டில் நூல் சுற்றும் ரீல் ஒன்றைக் கொடுக்க, அதை ஒரு தடியில் கட்டிக்கொண்டு எங்கள் மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து தங்கூசி நைலோன் நூலைக் கீழே இறக்கி இறக்கிப் பார்த்திருக்கிறார். அந்த ரீல் நூலை வளையம் வளையமாகக் கழற்றுவதால் நூல் முறுகி, இரைக்குப் பதிலாக நுனியில் கட்டியிருந்த இரும்பு மீன் பம்பரமாகச் சுழன்று கீழ்வீட்டு பிர்கிட்டவின் யன்னலில் டொக் டொக் என்று தட்டியதாம். அவள் மேலே வந்து, பசி என்றால் பெல்லை அடித்துக் கேட்கலாமே என்று என்னிடம் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அடுத்த நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உறைந்த ஏரிக்கு இன்லைன் ரீல்தான் சரி என்றான் கடைக்காரன். அது வண்டிச் சில்லு மாதிரி நேராக உருளும், நூலும் முறுகாமல் நேரே இறங்கும், அதனால் தூண்டில் சுழலாது, சுழலும் இரையை மீன் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போய்விடுமாம். சில்லு பெரிதாக இருந்தால் குளிரில் நூல் சுருண்டு கிடக்காது, கெதியாகவும் சுற்றலாம். கையுறையோடு பிடிக்கிற அளவுக்குக் கைபிடி இருக்க வேண்டும், விரலால் ஒரு விசையை அமத்தினால் நூல் தானாக ஓட வேண்டும், பிரேக்கை இளக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய நூல் அறுந்துபோகும். எல்லாம் நான்தான் காது கொடுத்துக் கேட்டேன், அப்பா பளபளப்பான சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் போடாதீர்கள் என்று அவன் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

சில்க்போர்க் ஏரிகளை நம்ப முடியாது, ஐஸில் ஏறாதே என்று கொம்யூன் நகரசபை போர்ட் நட்டிருக்கிறது. ஆகவே போன கிழமை ஞானரட்ணம் அண்ணையின் காரில் எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போனோம். தண்ணீர் தடித்து உறைந்து கிடந்தது, அந்த இடத்துக்காரர் தானே துளைபோட்டுத் தந்தார். அப்பா சிவப்பு ரீலை எடுத்து, பெரிய மனிதத் தோரணையோடு விசையை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கைபிடியைச் சுற்றினார், அசையவில்லை. எட்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. நல்லாச் சுத்தட்டும் எண்டு சமையல் அறையில இருந்த எண்ணெயில கொஞ்சம் விட்டனான் என்கிறார். தேங்காய் எண்ணெய்! குளிர் தொடங்கினால் அந்தப் போத்தலை ஹீற்றருக்கு மேலே வைத்து இளக்கித் தலைக்குத் தேய்க்கிற மனிதன், அதையே ஐஸுக்குக் கொண்டுபோகிற ரீலுக்குள் ஊற்றியிருக்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவர் ரீலைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அண்ணையின் தூண்டில் தடியை வாங்கிப் போட்டு நான் ஒரு அபோரே பிடித்துவிட்டேன், முதுகில் முள் உள்ள கோடு போட்ட மீன். என்னைப் பாராட்டவா செய்தார், அது குருட்டு மீன் என்றார்.

ஆனால் நான் இவ்வளவும் எழுதியது அதற்கல்ல. ரீல் இளகி நூல் ஓடத் தொடங்கிய பிறகு அவர் துளைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துக் குந்தியிருந்தார், அண்ணை பகிடியாக, உனக்கேன் மச்சான் இந்த வயசில இந்தச் சித்திரவதை என்று கேட்டார். அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார், என்ட சம்பந்தி கூப்பிட்டிருக்கிறார், நான் போய் அவரோட இருக்க வேணாமா என்று. இத்தனை மாதமும் அந்தப் பொடியன்ட தகப்பன் என்றுதான் சொல்லி வந்தவர். நான் திரும்பிக்கொண்டேன், கண்ணீர் வந்துவிட்டது, நான் அழுவதைக் கண்டால் அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துவிடுவாரோ என்று பயம். பிறகு மூன்று சின்ன மீன்கள் பிடித்தார், ரீலும் நன்றாகச் சுற்றியது, வீட்டுக்கு வந்து சவர்க்காரத் தண்ணீரில் அதை நான்தான் கழுவினேன்.

காதை மூடித் தொப்பி போடு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, கைலுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. மாமாங்கேஸ்வரர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுத்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வாறதோ எண்டு யோசிச்சுப் பாக்கிறன் என்பார். நீ நன்றாகக் கெஞ்சு, முடிந்தால் கொஞ்சம் அழு, அந்தச் சந்தோசத்தை அவருக்குக் கொடு. பெட்டியை நேற்றே கட்டிவிட்டார், கல்யாணத்துக்கு உடுக்கிற பட்டு வேட்டிக்குள் அந்தச் சிவப்பு ரீலைப் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னைக் காணக் காத்திருக்கும்
அம்மா அருமைநாயகி