அப்பா எழுந்து உட்கார்ந்தார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூவரும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற என்னால் ஆகாது, பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் வர வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவர் உன் அப்பா. தையல்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே படுத்துக் கிடந்தார். இப்போது உன் தங்கை படிக்கிற கல்லூரியும் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்திருக்கின்றன. இதுவரை கரும்பலகையில் மட்டுமே பல்சக்கரம் பார்த்த பிள்ளைகள், இனி அங்கே மூன்று பேர் இங்கே மூன்று பேர் எனச் சேர்ந்து, நிஜமான ஒரு மனிதருக்குப் பயன்படுகிற பொருளைத் தங்கள் கையாலேயே செய்ய வேண்டுமாம். இவள் முதல் நாளே அந்த மனிதராக அப்பாவைச் சொல்லிவிட்டாள். டேப்பை வைத்து அவரைத் தோளிலிருந்து இடுப்புவரை அளந்தபோது, எனக்குக் கோட்டு தைக்கப் போகிறாயா என்று கேட்டார் அவர்.

ஆளைத் தூக்குகிற இயந்திரம் அது. இரும்புச் சட்டத்தை இவர்கள் பற்றவைத்தார்கள், கைப்பிடியைச் சுற்றினால் உயர்த்துகிற பல்சக்கரப் பெட்டியை அங்கே செய்து அனுப்பினார்கள். வந்து பொருத்தினால் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அவர்கள் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள், இவர்கள் நடுவிலிருந்து. கணினித் திரையில் அந்தப் பக்கம் மூன்று முகமும் வாடிப்போனதாம். வொர்க்‌ஷாப் ஆசிரியர் நினைத்தால் சட்டென்று சரிசெய்திருப்பார், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். இவளே புதுத் தகடு வெட்டி, துளை போட்டு, அரத்தால் ராவி, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அப்புறம் அப்பா எடைக்கு மணல் மூட்டையை ஏற்றிப் பல நாள் சோதனை. மூட்டையை எல்லாரும் அப்பா என்றே கூப்பிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அப்போதுதான் விடிகிறது, ஸ்வெட்டரோடு மூவரும் திரையில் காத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் நம் பேச்சை எங்கேயோ கற்றுக்கொண்டு, அப்பா பயப்படாதீங்க என்றாள். யார் பெற்ற பிள்ளையோ. இயந்திரத்தின் துணிப் பட்டையை அவர் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கொடுத்துவிட்டு, கைப்பிடியை என்னிடம் தந்தாள் உன் தங்கை. நான் ஒரு கையால் சுற்றினேன், மகனே. ஒரே கையால். அத்தனை பெரிய மனிதர் மெத்தையைவிட்டு மெல்ல மேலே வந்தார். இத்தனை நாளும் குனிந்தே பார்த்த முகம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். குழறினாலும் தெளிவாகத்தான் சொன்னார், “நீ ரொம்ப இளைச்சுப்போயிட்டியே.”

பிறகு அவரே, இடது பட்டை இறுக்குகிறது என்றார். உடனே இங்கே மூவர் டேப்பை எடுக்க, அங்கே மூவர் அளவைக் குறித்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். அன்று அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கிவிட்டோம், எங்களோடு மேசையருகே உட்கார்ந்து சாப்பிட்டார், நான் வைத்த குழம்பில் உப்புக் குறை சொன்னார், கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

நோய் நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. தங்கையிடம் ஒரு வார்த்தை பாராட்டிப் பேசு, வாய்விட்டுக் கேட்கமாட்டாள். ஒன்று மறக்காதே. அப்பாவுக்குப் போன் செய்தால் படுத்திருக்கீங்களா என்று கேட்காதே, எங்கே உட்கார்ந்திருக்கீங்க என்று கேள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா