டோல்மா கேட்ட அனுமதி

சிவாஜிநகர், பெங்களூரு

அன்பு மகள் விஜிக்கு,

இங்கே நான், அப்பா, உன் தம்பி நரேஷ் மூவரும் சுகம். அங்கே நீயும் சளி, இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார்.

போன ஞாயிறு நீ வேலை பார்க்கும் மலையடி ஊரிலிருந்து டோல்மா என்றொரு பெண் போன் செய்தாள். அவள் இந்தியில் பேச, நான் நம் கறிக்கடை உருதுவில் ஆமாம் என்பதற்கு ‘ஹௌ’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று பதில் சொல்ல, எப்படியோ எல்லாம் விளங்கிற்று. பனி உருகிச் சேர்ந்த ஏரியின் மண்கரை கசிகிறது என்று காலையில் நீ எச்சரித்தாயாம், ஊரே ஆடுமாடோடு மேட்டுக்கு ஏறியதாம், சாயங்காலம் கரை உடைந்து ஆற்றோர வீடெல்லாம் போனதாம், ஓர் உயிர்கூடப் போகவில்லையாம். தன் பிள்ளைகள் பிழைத்தது உன்னால் என்று அழுதாள், நானும் அழுதேன். ஆனால் நீ டவுன் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏரியைப் பார்ப்பதாகத்தானே என்னிடம் சொன்னாய், கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கியது அவள் வாயால்தான் தெரிந்தது. பெரிய சாமர்த்தியசாலி நீ. உன்னைக் கையோடு கூட்டி வர டிக்கெட் போடு என்று நரேஷை விரட்டினேன். அந்தப் பெண் கேட்டதற்கு முதலில் பதில் சொல் என்று அப்பாதான் நிறுத்தினார்.

அவள் கேட்டது இதுதான். மலைமேல் உறைபனி வருஷா வருஷம் உருகிப் பின்வாங்கிக்கொண்டே போகிறதாம், அது விட்டுப்போன பள்ளத்தில் இன்னோர் ஏரி சேர்கிறதாம். நீ மறுபடி மேலே வந்து அதைப் பார்த்துக்கொண்டால் ஊர் நிம்மதியாகத் தூங்குமாம், ஆனால் பெற்றவளைக் கேட்காமல் ஒரு பெண்ணை ஆபத்தான இடத்துக்குக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லையாம். எவ்வளவு மரியாதை தெரிந்த ஜனம். யாரோ பெற்ற பிள்ளைக்குச் சூடாக ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள், தங்கள் கம்பளியைப் போர்த்தியிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல் புத்தரைக் கும்பிடுகிறவர்களாம், உன் பேரோடு அவர்கள் பேரையும் சொல்லி விகாரையில் விளக்கேற்றினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், போ.

உன் ஆபீஸ் சஞ்சய் அங்கே கிளம்புகிறார், அவரிடம் பருப்புப்பொடி கொடுத்திருக்கிறேன், டோல்மாவுக்கும் தனியாக இருக்கிறது. சாக்ஸ் போடாமல் படுக்காதே. நீயும் அந்த ஊரும் நல்லபடியாக இருக்க வேண்டும். இனி டவுனில் இருப்பதாகக் கதை விடாமல், ஏரிக்குக் கிளம்பும்போது போன் செய்து போயிட்டு வரேன் என்று சொல். போயிட்டு வா என்று வாயால் சொல்லாமல் நான் யாரையும் இந்த வாசல் தாண்ட விட்டதில்லை, போன தடவை நீ ஏரிக்குப் போனபோது மட்டும்தான் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

இப்படிக்கு,
உன் அம்மா சரளா