தண்டோரா கேட்டதாக ஒரு காகிதம்

நவம்பர் 9
எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், மருமகள் அனுசுயா நோட்டில் எழுதுகிறாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டு எல்லப்பனும் நானும் இறங்கி வலை வீசினோம். ஆறு கெண்டை. அவன் பழைய வலை போன வாரம் தண்ணீரோடு போயிற்று. இது புதுசு.

நவம்பர் 12
மேலே ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் ஆற்றில் நிற்கிறோம், ஒருத்தரும் சொல்லவில்லை. தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதுமே கத்தினேன்: “எல்லப்பா, வலைய வுட்றா. மல்லாக்கப் படு, கால முன்னால நீட்டு.” நான் அப்படியே மிதந்து, எதிர்க்காமல் கரைப்பக்கம் சாய்வாகக் கையைத் தள்ளி, அரை மைலுக்குக் கீழே நாணலைப் பிடித்து ஏறினேன். அவன் வரவில்லை.

நவம்பர் 13
தரைப்பாலத்துக்குக் கீழே கிடைத்தான். வலையோடு.

நவம்பர் 16
தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவன் காகிதத்தோடு வந்தான். “ரேகை வைங்க பெரியவரே, சும்மா பார்மாலிட்டிதான்.” அனுசுயாவைப் படிக்கச் சொன்னேன். காலை ஆறு மணிக்குத் தண்டோரா போட்டார்களாம். நாங்கள் கேட்டும் இறங்கினோமாம்.
“யாரு போட்டது?”
“முனியன்.”
“முனியன் அன்னிக்குத் திருத்தணி மலையில பேரனுக்கு மொட்டை போட்டுகினு இருந்தான்.”
“வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க.”
மறதியா, எனக்கா? இந்த ஆற்றில் தண்ணீர் வந்த ஒவ்வொரு வருஷத்தையும் சொல்வேன். செத்தவன் வாய் திறக்கமாட்டான், இருப்பவன் கிழவன் — அவ்வளவுதானே இவர்கள் கணக்கு?

நவம்பர் 17
ரேகை வைக்கவில்லை.

நவம்பர் 20
அவர்கள் எழுதியது பொய். சரி. நான் சொல்லாமல் விட்டது?
வலைக்கயிற்றை மணிக்கட்டில் வளையமாக மாட்டுவதுதான் வழக்கம். உதறினால் கழன்றுவிடும். இந்த வலையும் போய்விடக் கூடாதென்று, அன்றைக்கு எல்லப்பன் கையில் நான்தான் இறுக்கி முடிச்சுப் போட்டேன். “இன்னா மாமா, மாட்டக் கட்ற மாறி கட்றே,” என்று சிரித்தான்.
அனுசுயா எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதும்மா.

நவம்பர் 25
எல்லப்பன் பெண்சாதி கௌரியம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தண்டோரா போடவில்லை, முடிச்சு என்னுடையது என்று அதே ஆளிடம் சொன்னேன்.
“முடிச்சு எதுக்குங்க? பழி உங்க மேல திரும்பிடும்.”
“திரும்பட்டும். ரெண்டையும் எழுது. ஒண்ண வுட்டாலும் ரேகை கிடையாது.”
எழுதினான். படித்துக் காட்டினான். ரேகை வைத்தேன். பஸ்ஸில் கௌரியம்மாள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 4
காலையில் முனியன் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டான். மதியம் தண்ணீர் வந்தது. ஆற்றில் ஒருத்தரும் இல்லை.
கௌரியம்மாள் இன்னும் என்னோடு பேசவில்லை.